இப்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள்?

நடுப்பக்கம்

முடித்த புத்தகத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த இழைக்கு அது வேண்டாம். இந்த நிமிடம் கையில் என்ன புத்தகம், எத்தனையாவது பக்கம், அங்கே என்ன நடக்கிறது, பிடிக்கிறதா, கொட்டாவி வருகிறதா, அதைச் சொல்லுங்கள். முடித்துவிட்டால் எல்லோரும் கொஞ்சம் பெரிய மனிதராகிவிடுகிறோம். நடுவில் பட்ட சலிப்பெல்லாம் மறந்துபோய் "அபாரமான அனுபவம்" என்று எழுதிவிடுகிறோம். பாதியில் நிற்கிறவனுக்கு அந்தப் பெருமை இன்னும் வந்திருக்காது.

நானே ஆரம்பிக்கிறேன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', 74ஆம் பக்கம். இது மூன்றாவது முயற்சி. முந்தைய இரண்டு முறையும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் கவிழ்ந்தேன். சுமத்ராவின் மெடான் நகரம் ஜப்பான் படையின் பிடியில். பாண்டியன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த பத்தியில் சொந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போய்விடுகிறான். எப்போது போனான், எப்போது திரும்பினான் என்று பிடிபடுவதற்குள் வேறு தெரு, வேறு ஆட்கள், நடுநடுவே மலாய்ச் சொற்கள். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் நாவல். எனக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

கறார்

மூன்று முறை ஏறாததை மூடி வையுங்கள். மாதத்துக்கு இரண்டு புத்தகம் என்று வைத்தால் 40 வருஷத்தில் 960. அவ்வளவுதான் நம் கணக்கு. அதில் ஒன்றை ஊருக்குப் பயந்து படிக்க வேண்டாம்.

நான்: அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', ஏறக்குறைய பாதியில். ஏற்கெனவே படித்ததுதான். சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், மாட்டைத் தேடிப் போகிறான், கல்லூரிக்குப் போகிறான். அவனைச் சுற்றி ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா சேராதா என்று கொதித்துக்கொண்டிருக்கிறது. எழுதுகிறவர் குரலை உயர்த்தவே இல்லை. முதல் தடவை "என்ன, ஒன்றுமே நடக்கவில்லையே" என்று நினைத்தேன். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் வயிற்றைப் பிசைகிறது.

இரவுப்பணி

வார்டில் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில்தான் படிப்பேன் என்பதால் பக்கம் பக்கமாக நகர்கிறது. தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்ய நிகேதனம்', த.நா. குமாரசாமி மொழிபெயர்த்தது. ஜீவன் மஷாய் என்ற கிழட்டு வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து "இன்னும் இத்தனை நாள்தான்" என்று சொல்லிவிடுகிறார். புது மருத்துவம் படித்துவிட்டு வந்த இளம் டாக்டர் பிரத்யோத்துக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. என் சார்பு யார் பக்கம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மருந்து இருக்கும்போது ஒருவர் தேதி குறித்துக்கொண்டிருந்தால் எனக்கும் கோபம்தான் வரும்.

ஆனால் நான் இப்போது நிற்கும் இடம், மஷாய் தன் மகனின் கையையே பிடித்துப் பார்க்கும் இடம். அங்கே மூடி வைத்துவிட்டு வேலைக்கு எழுந்து போனேன். வழக்கமாக மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கிக்கொள்வோம். அன்றைக்கு ஒரு பாட்டி கையில் வைத்த விரலை எடுக்க மனம் வரவில்லை. முழு நிமிடமும் எண்ணினேன். பாட்டி "என்னம்மா, கோளாறா?" என்று கேட்டுவிட்டார். புத்தகம் படித்த கோளாறு என்று எப்படிச் சொல்வது?

தூசி அலமாரி

நடுப்பக்கம் தம்பிக்கு: சிங்காரம் எழுதியது மொத்தமே இரண்டு நாவல்கள். முதலாவது 'கடலுக்கு அப்பால்', 1959இல் வந்தது. உங்களைக் கவிழ்க்கிற தோணி எழுதி முடித்தபின் அச்சேறவே பல வருஷம் காத்திருந்து 1972இல்தான் வந்தது. வந்தபோதும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அவரும் அதன்பிறகு நாவல் எழுதவில்லை. ஆகவே ஏறாமல் தடுமாறிய முதல் ஆள் நீங்கள் இல்லை, அந்தக் காலத்தின் பெரிய வாசகர்களெல்லாம் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

இரண்டு யோசனை. ஒன்று, 'கடலுக்கு அப்பா'லை முதலில் படியுங்கள். அதே நிலம், அதே யுத்தம், ஆனால் நேர்கோட்டில் போகும் கதை. வட்டிக்கடைகள் எப்படி இருந்தன, நம் பையன்கள் நேதாஜியின் படைக்கு எப்படிப் போனார்கள் என்பதெல்லாம் மனதில் படிந்துவிடும். இரண்டாவது, தோணியைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். அந்த ஊர் நினைவெல்லாம் கதையை நகர்த்துவதற்காக வரவில்லை. கடல் தாண்டி வந்த பையன் தூக்கம் வராமல் தெருப்பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறான், அவ்வளவே. வரைபடம் போட்டுக்கொண்டு பின்தொடர வேண்டாம்.

என் கையில் இருப்பது பூமணியின் 'வெக்கை'. இரண்டாவது நாள் இரவில் இருக்கிறேன். அப்பனும் மகனும் காட்டுக்குள்.

புதுசு

எல்லாரும் பெருசா எழுதுறீங்க, நான் சின்னதா கேட்டுக்கறேன். 'குற்றமும் தண்டனையும்', எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பு, 131ஆம் பக்கம். கதை ஓடுது, சந்தேகமே இல்ல. கொலை நடக்குற இடத்துல மூச்சே விடல. ஆனா இந்தப் பேருங்க! ஒரே ஆளை ஒருத்தர் ரோத்யாங்கிறார், இன்னொருத்தர் ரோடியன் ரொமானோவிச்ங்கிறார், எழுதுறவர் ரஸ்கோல்நிகோவ்ங்கிறார். நாப்பது பக்கம் வரைக்கும் மூணு பேர்னு நினைச்சுப் படிச்சேன். சிரிக்காதீங்க.

கண்ணாடி

சிரிக்கவில்லை. என் காலத்தில் நான் அறுபது பக்கம் அப்படிப் படித்தேன்.

ரஷ்யப் பெயரில் மூன்று துண்டு உண்டு. முதலில் வைத்த பெயர், நடுவில் அப்பாவின் பெயரிலிருந்து வருவது, கடைசியில் குடும்பப் பெயர். ரோடியன் அவன் பெயர். ரொமானோவிச் என்றால் ரோமானின் மகன். நம்முடைய இனிஷியலை முழுதாக விரித்து எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும். மகளுக்கு அதே சொல் ரொமானோவ்னா என்று முடியும். அவன் தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னா. வீட்டில் துனியா. ரோத்யா, துனியா, சோனியா எல்லாம் செல்லப் பெயர்கள்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னால் மரியாதை. செல்லப் பெயர் சொன்னால் நெருக்கம். வெறும் குடும்பப் பெயரைச் சொன்னால் தள்ளி நிற்கிறார்கள். நாம் நீ, நீங்கள் என்று பிரிப்பதை அவர்கள் பெயரிலும் செய்கிறார்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்தால் அவர்களுக்குள் நடப்பது விளங்கிவிடும். ஒரு துண்டுச் சீட்டில் எல்லாப் பெயரையும் எழுதி அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காதுவழி

என்னிடம் பக்க எண் இல்லை. 'பொன்னியின் செல்வன்' ஒலி வடிவில், இரண்டாம் பாகம். பாத்திரம் கழுவும்போதும் நடக்கும்போதும் கேட்கிறேன். வந்தியத்தேவன் வாயைத் திறந்தாலே சிரிப்பு வருகிறது. இது கணக்கில் வருமா, நடுப்பக்கம்?

கறார்

வராது. கேட்பது கேட்பது, படிப்பது படிப்பது. ஒரு வாக்கியத்தில் நின்று திரும்பிப் பார்க்க முடியாதது வாசிப்பே இல்லை.

காதுவழி

பதினைந்து விநாடி பின்னால் போகும் பொத்தான் இருக்கிறது, கறார் சார்.

விளையாட்டு போகட்டும். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரம் ஒரு துண்டாகப் பத்திரிகையில் எழுதினார். அந்தக் காலத்தில் எத்தனை வீடுகளில் ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் யாராவது கத்தியை ஓங்குவதோ கதவு திறப்பதோ அடுத்த வாரம்வரை நம்மைக் கட்டிப்போடத்தான். காதில் கேட்கும்போது அந்தக் கட்டுமானம் பளிச்சென்று தெரிகிறது. கண்ணால் படித்தபோது வர்ணனைகளைத் தாண்டிக் குதித்தேன். இப்போது குதிக்க வழியில்லை. முதல்முறையாக முழுதாகப் படிக்கிறேன் என்றே சொல்வேன்.

தூசி அலமாரி

காதுவழி சொல்வது சரி. என் பாட்டிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்தக் கதை முழுக்கத் தெரியும்.

கறார்

சரி, அந்த நாவலுக்கு ஒப்புக்கொள்கிறேன். அசோகமித்திரனைக் காதில் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள், அப்போது பேசலாம்.

முந்திரிக்கொட்டை

@கறார், 18வது அட்சக்கோடு பிரமாதம். அதுவும் அந்தக் கடைசிப் பக்கத்தில்
[மீதியை எழுதியவரே நீக்கிவிட்டார்]

கறார்

நன்றி. இனிமேல் யாராவது அந்த முடிவை இங்கே எழுதினால் அவர்களோடு பேச்சை முறித்துக்கொள்வேன். மற்ற நாவல்களுக்கு இவ்வளவு பிடிவாதம் பிடிக்க மாட்டேன். இந்த நாவல் முழுக்க அந்த இரண்டு பக்கத்துக்கு நம்மைப் பேச்சுவாக்கில் அழைத்துக்கொண்டு போகிறது. போகிறோம் என்று தெரியாமல் போக வேண்டும்.

தூசி அலமாரி

வெக்கையில் அந்தப் பிரச்சினையே இல்லை. முதல் பக்கத்திலேயே பையன் வெட்டிவிடுகிறான். சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அடுத்து யாரைக் கொல்வார்கள் என்பதில்லை கதை. எங்கே ஒளிவது, எதைத் தின்பது, எந்தப் பாறைக்கு அடியில் படுப்பது, இதிலேயே நாட்கள் நகர்கின்றன. கொலை செய்த பையன் மறுநாள் ஓடைத் தண்ணீரைக் கண்டால் குதித்து ஆடுகிறான். அதைப் படிக்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

2019இல் 'அசுரன்' படம் வந்தபிறகு நிறையப் பேர் இதைத் தேடிப் படித்தார்கள், நல்லது. படம் அப்பாவின் கதையாகிவிட்டது. நாவல் பையனுடையது. படம் பார்த்த சூட்டில் எடுத்தவர்கள் சண்டை எங்கே என்று தேடுகிறார்கள்.

இன்னொரு குறையையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். பழைய நாவல்களின் மறுபதிப்பு எதை எடுத்தாலும் முன்னால் இருபது பக்கம் முன்னுரை. அதில் பாதி, கதையின் முடிவு. முந்திரிக்கொட்டையாவது திருத்திக்கொண்டார். நான் எல்லா முன்னுரையையும் கடைசியில்தான் படிக்கிறேன்.

மூன்றாம் வரிசை

வீட்டில் இரண்டு குட்டிகள். எனக்கு நாவலெல்லாம் ஆடம்பரம். ஒரு சிறுகதை முடிவதற்குள் மூன்று முறை கூப்பிட்டுவிடுவார்கள். கு. அழகிரிசாமி தொகுப்பு தலைமாட்டில் கிடக்கிறது. நேற்று படித்தது 'அன்பளிப்பு'.

தெரியாதவர்களுக்கு: பத்திரிகை வேலை பார்க்கும் ஒருவர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து தருகிறவர். பிள்ளைகள் அவர் மேலேயே ஏறி விளையாடும். இரண்டு பிள்ளைகளுக்கு டைரி வாங்கித் தருகிறார். சாரங்கராஜன் என்ற பையனுக்கு இல்லை. அவர் கெட்டவரில்லை. மனசுக்குள் அப்படி ஒரு வரிசை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பிறகு அந்தப் பையன் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். போகிறார். அவன் தானே வாங்கிய டைரியை எடுத்து நீட்டி எழுதித் தரச் சொல்கிறான். என்ன எழுதுவது என்று கேட்டால், என் பிரியமுள்ள சாரங்கராஜனுக்கு அன்பளிப்பு என்று எழுதச் சொல்கிறான்.

முடிவைச் சொல்லிவிட்டேன், கறார் சார் மன்னிக்கவும். சொன்னாலும் இந்தக் கதைக்கு ஒன்றும் ஆகாது. என் நிலைமை என்னவென்றால், படித்துவிட்டுத் திரும்பினேன், சின்னவன் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் எப்போது நிமிர்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. இந்தத் தொகுப்பில் அடுத்த கதைக்குப் போக மூன்று நாள் ஆகும் போல.

கறார்

மன்னித்தேன். அந்தக் கதையை என் பழைய சிநேகிதர் ஒருவருக்குத் தொகுப்போடு கொடுத்தேன். திரும்பி வரவில்லை. கேட்டால் "நீ அன்பளிப்பாகக் கொடுத்தாய் என்று நினைத்தேன்" என்கிறார். அந்தத் தலைப்புக்கே கொடுத்துத் தொலையலாம் என்று விட்டுவிட்டேன்.

அடிக்கோடு

தாமதமாக வருகிறேன். இமையத்தின் 'செல்லாத பணம்', நான்கில் மூன்று பங்கு முடிந்தது. தீக்காய வார்டுக்கு வெளியே குடும்பம் காத்திருக்கிறது. காத்திருப்பதே நாவல். பணம் இருக்கிறது, ஆள் பலம் இருக்கிறது, ஒன்றும் செல்லுபடியாகவில்லை. உரையாடல்தான் பெரும்பகுதி, ஆகவே வேகமாக ஓடும். ஓடக்கூடாது என்று நானே நிறுத்தி நிறுத்திப் படிக்கிறேன். இரவுப்பணி அக்கா, இதை வேலை நேரத்தில் எடுக்காதீர்கள்.

இரவுப்பணி

சொன்னதற்கு நன்றி தம்பி. அந்த மாதிரி வார்டில் ஒரு வருஷம் இருந்தேன். விடுமுறையில்கூட எடுப்பேனா தெரியாது.

மஷாயை முடித்துவிட்டேன். நான் இன்னும் டாக்டர் கட்சிதான். ஆனால் அவர் சாவை எதிரியாக நினைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வருகிற விருந்தாளியின் காலடி ஓசையைக் கேட்கிற மாதிரிதான் நாடியைக் கேட்கிறார். எங்களுக்கு அந்தப் பயிற்சியை யாரும் தரவில்லை. "கொஞ்சம் சீரியஸ்தான்" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவோம். மகன் விஷயத்தில் அவரை முழுதாக மன்னிக்க முடியவில்லை. அவரும் தன்னை மன்னித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நடுப்பக்கம்

பதினொரு நாள் ஆளைக் காணோமே என்று தேடியிருப்பீர்கள். (தேடவில்லை, பார்த்தேன்.) தூசி அலமாரி ஐயா சொன்ன இரண்டு யோசனையில் முதலாவதைக் கேட்கவில்லை, வீம்பு. இரண்டாவதைச் செய்தேன். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். முதல் நாள் எனக்கே சிரிப்பாக இருந்தது. மூன்றாவது நாள் ஒன்று பிடிபட்டது. இந்த ஆள் எழுதியது பாதி வசனம், பாதி பாட்டு. கமா போட்டுச் சொற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போகிறாரே, கண்ணுக்கு அது பட்டியல். வாயில் போட்டால் தாளம்.

இப்போது 203ஆம் பக்கம். தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் கடல் கடந்து, புயலில் மாட்டி, பிழைத்தாயிற்று. அந்தப் புயல் அத்தியாயத்தை உட்கார்ந்து படிக்க முடியவில்லை, எழுந்துவிட்டேன். குடித்துவிட்டு உட்கார்ந்து தமிழ்ப் பெருமை ஒவ்வொன்றையும் உரித்துத் தொங்கவிடும் இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். 1972இல் இதை அச்சடித்த துணிச்சலை நினைத்தால் ஆச்சரியம்.

முழுச் சரணாகதி என்று நினைக்க வேண்டாம். பெண்கள் வருகிற இடமெல்லாம் எனக்கு ஒப்பவில்லை. வருகிறார்கள், பாண்டியன் பார்க்கிறான், போகிறார்கள். இவ்வளவு பெரிய உலகத்தைக் காட்டுகிறவர் அவர்களில் ஒருத்தியின் தலைக்குள்ளும் ஐந்து நிமிடம் உட்காரவில்லை. பாண்டியனும் சில இடங்களில் ரொம்பத்தான் சாமர்த்தியசாலி. எந்தச் சிக்கலில் மாட்டினாலும் வெளியே வந்துவிடுவான் என்று தெரிந்துபோனால் பயம் குறைந்துவிடுகிறது. முடித்தபிறகு இதையெல்லாம் சொல்ல மாட்டேன் என்பதால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

தூசி அலமாரி

முதல் குறையை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதைக் கடைசிப் பக்கம்வரை கையில் வைத்திருங்கள், பிறகு பேசுவோம். இதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் கறார் என்னை விலக்கிவைத்துவிடுவார்.

கறார்

நிச்சயமாக. நடுப்பக்கம், என் 960 கணக்கில் உங்களுக்காக ஒன்றைக் கழித்துக்கொண்டேன். நானும் தோணியை எடுத்திருக்கிறேன். 12ஆம் பக்கம். வாய்விட்டுப் படிப்பதாக இல்லை.

காதுவழி

பதினைந்து விநாடி பின்னால் போகும் பொத்தான் தேவைப்பட்டால் சொல்லுங்கள் சார்.

புதுசு

கண்ணாடி சார், அவசரம். 290ஆம் பக்கம். துனியாவைக் கட்டிக்க வந்திருக்குற ஆள் பியோத்தர் பெத்ரோவிச். கொலையை விசாரிக்குற ஆள் போர்ஃபிரி பெத்ரோவிச். போலீஸ் ஸ்டேஷன்ல கத்துவாரே, அவர் இலியா பெத்ரோவிச். நீங்க சொன்ன கணக்குப்படி மூணு பேரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்த அண்ணன் தம்பிங்கதானே? நூறு பக்கமா எப்படா இந்தக் குடும்ப ரகசியம் வெளிய வரும்னு காத்துட்டு இருக்கேன்.

கண்ணாடி

இல்லை. பியோத்தர் என்பது அங்கே எங்கே திரும்பினாலும் இருக்கும் பெயர். மூன்று பேருடைய அப்பாவுக்கும் அதே பெயர், ஆனால் மூன்று வேறு வேறு அப்பாக்கள். பெயர்ச் சீட்டில் குடும்பப் பெயரையும் எழுதச் சொன்னேனே, மாப்பிள்ளை பெயர் லூஷின் என்று அதில் இருக்குமே?

புதுசு

எழுதினேன் சார். அதைத்தான் பக்க அடையாளமா வச்சிருந்தேன். தம்பி எடுத்துக் கப்பல் செஞ்சு தண்ணியில விட்டுட்டான்.